உறையின் மேல் ஒரு கோடு

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஹில்மி வீடு திரும்பியபோது, முன்னறைக் கதிரையில் ரொபின்சன் ஒரு சத்தியக் கடதாசியோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் துணையாக, யாரும் கேட்காமலே, எமிலியானுஸும் உட்கார்ந்திருந்தார்.

எமிலியானுஸ் பள்ளிமுனையில் இருபத்தெட்டு வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு கடிதத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை என்பது அவருடைய பெருமை. பிரிக்காமலே உள்ளே இருப்பதை ஊகிக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த ஊகம் பத்துக்கு ஒன்பது தரம் பிழையாகிவிடும். ஆனாலும் அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, ஹில்மிக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. இப்படித்தான் இருவரும் நண்பர்களானார்கள்.

ஹில்மிக்கு இரண்டு பதவிகள். சமாதான நீதவான் என்ற முறையில் ஊராருடைய கடதாசிகளுக்குக் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவார். திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற முறையில், கடலும் கிணறும் வீதியும் கொண்டுபோனவர்களைப் பற்றி விசாரிப்பார். முதலாவது வேலைக்கு ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். இரண்டாவது வேலைக்குத் தொலைபேசி அடிக்கும்.

ரொபின்சன் கொண்டுவந்ததை அவர் இரண்டு தரம் வாசித்தார். பள்ளிமுனையில் மாலை நேர டிஸ்பென்சரி நடத்தும் டொக்டர் நிறஞ்சலா, ரொபின்சனுடைய நோயை அவனுடைய படகு முதலாளியான சம்மாட்டிக்கு எழுதி அறிவித்து அவன் பிழைப்பைக் கெடுத்தார் என்றும், அவருடைய பதிவை நீக்க வேண்டும் என்றும் மருத்துவ சபைக்கு எழுதப்பட்ட முறைப்பாடு அது.

"என்ன வருத்தம், தம்பி?" என்று ஹில்மி கேட்டார்.

ரொபின்சன் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் இப்போது ஊருக்கே தெரியுமே என்று சொல்லிவிட்டு, மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். கடலுக்கடியில் சுழியோடிச் சங்கு குளிப்பது அவன் தொழில். மார்கழியில் ஒருநாள் வீட்டு முற்றத்தில் வலிப்பு வந்து விழுந்தான். டொக்டர் காலையும் இரவும் ஒவ்வொரு குளிசை தந்து, இனிச் சுழியோடப் போகவே கூடாது என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு அவன் கடலுக்கே போனான். மாசியில் டொக்டரிடம் திரும்பப் போனபோது, இரண்டு நேரக் குளிசையை அவர் மூன்று நேரமாக்கினார்.

"எனக்கு ஒருக்காத்தான் வந்தது, பேந்து வரேல்லை எண்டு சொன்னனான். அவ அதைக் கேக்கேல்லை, இந்தக் குளிசை காணாது எண்டா. அடுத்த கிழமை சம்மாட்டி கரையிலை எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, வலிப்புக்காரனை ஏத்தமாட்டன் எண்டிட்டார். கையிலை டிஸ்பென்சரிக் கடதாசி. தூரத்திலை நிண்டே கண்டனான். மருந்து போட்டுத் தாற அந்தக் கலண்டர்த் தாளை இந்த ஊரிலை ஆருக்குத் தெரியாது?"

"குளிசை?"

"கடலுக்குள்ளை எறிஞ்சிட்டன். திங்கக்கிழமை விடிய முள்ளிக்குளத்துப் போட் ஒண்டிலை போறன். அங்கை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது."

ஹில்மி முத்திரைப் பெட்டியைத் திறக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் வரைக்கும் பொறுக்கும்படியும், அதற்குப் பிறகும் அவன் கேட்டால் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தித் தருவதாகவும் சொன்னார். ரொபின்சன் அரைமனதோடு சம்மதித்துப் போனான்.

அவன் போன பிறகு ஹில்மி முத்திரைப் பெட்டியைத் தள்ளி வைத்தார். போன வருடம் இதே சம்மாட்டியின் போட்டில் சுழியோடி ஒருவன் உயிரோடு மேலே வராமல் போனதற்கு விசாரணை நடத்தியவர் அவர்தான். யார் கயிறு பிடித்தது, சிலிண்டரில் எவ்வளவு காற்று என்று கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டார். கேட்டு என்ன, பதில் தேவைப்பட்டவன் பாயில் கிடந்தான்.

"எமிலியானுஸ், நான் இவ்வளவு காலமும் செத்த ஆக்களுக்காகத்தான் விசாரிச்சனான். இவன் இன்னும் சாகேல்லை. எங்களுக்கு ரெண்டு நாள் இருக்கு," என்றார்.

சம்மாட்டி இன்னாசிமுத்துவின் வாடி கரையோரம் தகரக் கூரையோடு இருந்தது. மனிதர் கல்லுப்போல முகத்தோடு வரவேற்றார். அந்தக் கடதாசியை ரொபின்சனுக்குக் கூடக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன் என்றார். எழுதினவர் யாராக இருந்தாலும் ஓர் உயிரைக் காப்பாற்ற எழுதியிருக்கிறார், அவரைச் சந்தியில் நிறுத்துவது பாவம் என்பது அவருடைய கட்சி. ஹில்மி போன வருடத்து விசாரணையை நினைவூட்டவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். கடைசியில் இன்னாசிமுத்து செபப் புத்தகத்துக்குள்ளிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

நாட்காட்டித் தாளை மடித்து ஒட்டிய மருந்து உறை அது. ஒட்டு பிரிக்கப்பட்டு விரிக்கப்பட்டிருந்தது. வெளிப்பக்கம் வெறும் வெள்ளை, அதில் நீல மையால் நெட்டாக ஒரே ஒரு கோடு. ஒரு மூலை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. உள்பக்கம் பெரிய தேதி எண்ணும், அதன் ஓரத்தில் செங்கல் நிறத்தில் இரண்டு மூன்று வட்டக் கறையும். எண்ணைச் சுற்றியிருந்த இடத்தில், இடது கையால் எழுதியதுபோலக் கோணல் எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது:

ரொபின்சனுக்கு வலிப்பு. மூன்று தரம் வந்துவிட்டது. தண்ணிக்குள் இறக்க வேண்டாம். மாதா சாட்சி.

வாடிக் கதவின் இடுக்கில் செருகியிருந்ததாகவும், டொக்டருடைய கடதாசி என்றபடியால் நம்பியதாகவும் சம்மாட்டி சொன்னார். வெறும் கொப்பித் தாளில் வந்திருந்தால், எவனோ பொறாமையில் எழுதியது என்று அடுப்புக்குள் போட்டிருப்பாராம். ஹில்மி அதை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை டிஸ்பென்சரியில் நோயாளர் உட்காரும் வாங்குகள் அநேகமாக வெறுமையாக இருந்தன. மாலை ஐந்து மணிக்கு நிற்க இடமில்லாத இடம் அது. இப்போது ஒரு கிழவரும் காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒரு தாயும் மட்டும் இருந்தார்கள். வாயைத் திறந்தால் ஊருக்குப் போய்விடும் என்று ஆட்கள் வருத்தத்தை வீட்டிலே வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். மருந்து கட்டிக் கொடுக்கும் றுமைஸா, வேலையில்லாமல் உறை ஒட்டிக்கொண்டிருந்தாள். பழைய கலண்டர்களைச் சேர்த்து உறை செய்வது அந்த டிஸ்பென்சரியின் சிக்கனம். உறையில் எழுதினால் வாசிக்கத் தெரியாதவர்கள் திண்டாடுவார்கள் என்று, ஒரு நேரத்துக்கு ஒரு கோடாக அவள் கோடு போடுவாள். மூலையில் பெயர் எழுதுவாள். ஆள் வந்த பிறகு, மருந்து போடும்போதுதான் கோடும் பெயரும். அவளுக்கு முன்னால் இருந்த நூறு உறையும் துப்புரவாக இருந்தன.

டொக்டர் நிறஞ்சலாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நித்திரையில்லாத கண்கள். ஹில்மி வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் ஒளித்து மறைக்கவில்லை.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, ஹாஜியார். சொல்லுவமோ எண்டு யோசிச்சனான், அது உண்மை. அவர் சுழியோடப் போறார் எண்டு எனக்குத் தெரியும். ஆனா அவரின்ர அனுமதி இல்லாமல் என்னெண்டு சொல்லுறது? ஆர் செய்ததெண்டு கண்டுபிடியுங்கோ. எனக்கும் தெரிய வேணும்."

ஹில்மி உறையை மேசையில் வைத்தார். டொக்டர் உள்பக்கத்தை வாசித்தார். பிறகு அதைத் திருப்பினார். அந்த ஒற்றைக் கோட்டின் மேல் அவருடைய பார்வை தங்கியது. திரும்பவும் உள்பக்கத்துக் கறையைப் பார்த்தார்.

"இதை விடுங்கோ, ஹாஜியார்," என்றார் டொக்டர். "தேட வேண்டாம். அவர் முறைப்பாடு செய்யட்டும். நான் கொழும்புக்குப் போய்ப் பதில் சொல்லுறன்."

உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்.

சனிக்கிழமை காலை ரொபின்சன் வீட்டுக்குப் போனார்கள். அவன் வலை பொத்தும் வேலைக்குப் போயிருந்தான். மனைவி நிஷாந்தி ஆறு மாத வயிற்றோடு எழுந்து வந்து, இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தனக்கு ஒரு கிளாஸில் தேசிக்காய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். தேத்தண்ணி குடிப்பதில்லையா என்று எமிலியானுஸ் கேட்டதற்கு, பிள்ளை பிறக்குமட்டும் இல்லை என்றாள். டிஸ்பென்சரிப் பக்கம் போகக்கூடாது என்று புருஷன் கட்டளை போட்டிருப்பதையும் சொன்னாள். திங்கட்கிழமைப் பயணத்தைப் பற்றி ஹில்மி கேட்டபோது அவள் மாதா படத்தைப் பார்த்தாள். எமிலியானுஸ் அவள் முகத்தைப் பார்த்தார். நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாம் கொண்டுபோன மனிதர் அவர். செய்திக்குக் காத்திருக்கிற முகம் எது என்று அவருக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, எமிலியானுஸ் தன் தீர்ப்பை வாசித்தார். டொக்டர்தான் எழுதினார். ரொபின்சன் தனக்கு வந்தது ஒருதரம் என்கிறான். கடதாசி மூன்று தரம் என்கிறது. டொக்டர் குளிசையைக் கூட்டியிருக்கிறார், ஆகவே மூன்று தரம் என்பது அவருக்குத் தெரியும். நேற்று உறையைக் கண்டதும் முகம் செத்துப்போய், தேட வேண்டாம் என்கிறார். மடியிலே கனமில்லாவிட்டால் வழியிலே பயம் ஏன்?

"நல்லாய்ச் சேர்த்திருக்கிறீங்கள்," என்றார் ஹில்மி. "மூண்டு தரம் எண்டு டொக்டருக்குத் தெரியும். சரி. டொக்டருக்கு அதை ஆர் சொன்னது?"

எமிலியானுஸ் தலையைச் சொறிந்தார். ரொபின்சன் சொல்லவில்லை. வேறு யார் என்று கேட்டதற்கு ஹில்மி வண்டியை எடுக்கச் சொன்னார். ஹில்மியின் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை எமிலியானுஸ் கோபத்தோடுதான் ஓட்டினார்.

ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு, ஹில்மி கேட்டுக்கொண்டபடி எல்லோரும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். ரொபின்சன் சத்தியக் கடதாசியைக் கையில் சுருட்டி வைத்திருந்தான். நிஷாந்தி அவனுக்குப் பக்கத்தில். இன்னாசிமுத்து கதவோரம் நின்றார். டொக்டர் தன் மேசைக்குப் பின்னால் போகாமல், நோயாளர் வாங்கிலே உட்கார்ந்திருந்தார்.

ஹில்மி உறையை மடித்த வாக்கிலே பிடித்து, வெளிப்பக்கத்தை மட்டும் காட்டினார். இந்த டிஸ்பென்சரியில் மருந்து போடாத உறையில் கோடு இருக்காது என்றார். டொக்டரோ றுமைஸாவோ எழுதுவதென்றால், கைக்கெட்டிய தூரத்தில் நூறு புது உறை கிடக்கிறது. இதுவோ மருந்து வைத்து ஒரு வீட்டுக்குப் போய், வெறுமையான பிறகு பெயர் வெட்டப்பட்டு, விரித்து எழுதப்பட்டது. இதிலே இருப்பது ஒரு கோடு. ரொபின்சனுக்குத் தந்த உறைகளில் முதலில் இரண்டு கோடு, பிறகு மூன்று. ஆகவே அவனுடைய மருந்து உறையை எடுத்து எழுதியதும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு குளிசை விழுங்குகிற இன்னொரு நோயாளி எழுதியது.

"ஆகவே டொக்டர் எழுதேல்லை, தம்பி. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி முத்திரை வேணுமோ?"

"அப்ப ஆர் எழுதினது?" என்றான் ரொபின்சன்.

"அது எனக்குச் சொந்தமான விசயமில்லை."

"உங்களுக்குத் தெரியும், டொக்டருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லமாட்டியள். அப்ப ரெண்டு பேருமாய்ச் சேந்து மறைக்கிறீங்கள்." அவன் சத்தியக் கடதாசியை விரித்து மேசையில் வைத்தான். "குத்துங்கோ முத்திரையை."

ஹில்மி வாக்குக் கொடுத்தவர். அவருடைய கை தோள்பைக்குள் முத்திரைப் பெட்டியைத் தேடியது. எமிலியானுஸ் அவரைத் தடுக்க வாயெடுத்தார். அதற்குள் டொக்டர் நிறஞ்சலா பேசினார்.

"குத்துங்கோ, ஹாஜியார். நான்தான் எழுதினதெண்டே இருக்கட்டும். ரொபின்சன், என்னோடை கோவியுங்கோ. ஆனா வேறை டொக்டரிட்டையெண்டாலும் போய்க் குளிசையைத் தொடங்குங்கோ. நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்."

இருபது வருடம் படித்தும் பார்த்தும் சேர்த்த பெயரை அந்த மனுஷி ஒரு வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிட்டார். முத்திரைப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நிஷாந்தி வாங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான்தான்," என்றாள்.

ரொபின்சன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்கு ஒருக்கா இல்லை. முற்றத்திலை விழுந்தது ஒருக்கா. பேந்து ரெண்டு தரம் நித்திரையிலை வந்தது. விடிய எழும்பி, உடம்பு உளையுது எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் கடலுக்குப் போனீங்கள். உங்களுக்கு ஒண்டும் தெரியாது. நான் பக்கத்திலை இருந்து, உங்களைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு, எப்ப மூச்சு வரும் எண்டு எண்ணிக்கொண்டிருந்தனான். தண்ணிக்குள்ளை வந்தால் ஆர் சரிச்சுப் பிடிக்கிறது?"

முதலில் டொக்டரிடம் ஓடிவந்து, சம்மாட்டிக்குச் சொல்லிவிடும்படி கெஞ்சியதாகச் சொன்னாள். டொக்டர் மாட்டேன் என்றார். அவனிடம் அவளே பேச வேண்டும், அல்லது இருவரையும் ஒன்றாக வைத்துத் தான் பேசுவதாகச் சொன்னார். அவளுக்குப் பயம். ஆம்பிளையின் தொழிலைப் பெண் நிறுத்தினாள் என்று அவன் காலம் முழுக்கக் கோவிப்பான் என்ற பயம். டொக்டரின் கடதாசி என்றால் சம்மாட்டி நம்புவார் என்று, தன்னுடைய இரும்புச் சத்துக் குளிசை உறையில் எழுதிச் செருகினாள். பழி டொக்டர் மேல் விழும் என்று யோசிக்கவே இல்லை. விழுந்த பிறகு சொல்லத் துணிவில்லை.

ரொபின்சன் வெகுநேரம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியாமலே தான் இரண்டு தரம் செத்துப் பிழைத்ததை அவன் அப்போதுதான் கேட்கிறான். பிறகு டொக்டரிடம் திரும்பினான்.

"அண்டைக்கு இவ வந்து சொன்னதை நீங்கள் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தப் பழி இல்லையே."

"அவவும் என்ர நோயாளிதானே," என்றார் டொக்டர்.

ரொபின்சன் சத்தியக் கடதாசியை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கிழிக்கவில்லை. கிழிக்கிற அளவுக்கு மனம் இன்னும் ஆறவில்லை. ஆனால் றுமைஸாவின் யன்னலுக்குப் போய் நின்றான். அவள் புது உறை ஒன்றில் குளிசையை வைத்து, மூன்று கோடு போட்டுப் பெயர் எழுதி நீட்டினாள். அவன் அதை வாங்கி நிஷாந்தியின் கையில் கொடுத்தான்.

கதவோரம் நின்ற இன்னாசிமுத்து தொண்டையைச் செருமினார். வாடியில் சிலிண்டருக்குக் காற்றடிக்க ஒரு ஆள் தேவை என்றார். கூலி குறைவு, தண்ணீருக்குள் இறங்கும் வேலை இல்லை. கரையில் எல்லோருக்கும் முன்னால் அப்படிச் சொன்னது தன்னுடைய பிழை என்றும், யாரையும் பார்க்காமல், சொன்னார்.

வெளியே வரும்போது டொக்டர் ஹில்மியை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"அவர் போன கிழமை தண்ணிக்குள்ளை போயிருந்தால், நீங்கள்தானே விசாரிச்சிருப்பீங்கள். நான் வாய் திறக்காமல் இருந்தது சரியெண்டு எழுதியிருப்பீங்களோ?"

ஹில்மி யோசித்தார். "தெரியாது, டொக்டர்," என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

மோட்டார் சைக்கிளில் ஏறியதும் எமிலியானுஸால் பொறுக்க முடியவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டார். தேசிக்காய்த் தண்ணீரைக் கண்டபோது என்றார் ஹில்மி. இரும்புச் சத்துக் குளிசைக்குத் தேத்தண்ணி ஆகாது, தேசிக்காய் நல்லது. உறைக்குள்ளே செங்கல் நிறக் கறையை விட்டது அந்தக் குளிசைதான், கடற்காற்றில் சாயம் இளகியிருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே பாதி விளங்கிவிட்டது. நித்திரையில் வலிப்பு வந்தவனுக்கே அது தெரியாது, பக்கத்தில் விழித்திருப்பவருக்குத்தான் கணக்குத் தெரியும். டொக்டரும் உறையைக் காணும்வரை தேடச் சொன்னார், கண்ட பிறகு விடச் சொன்னார்.

"அது தனக்காகப் பயந்த முகமில்லை, எமிலியானுஸ். இன்னொருத்தருக்காகப் பயந்த முகம்."

"எனக்கு நேத்தே சொல்லியிருக்கலாம்," என்று எமிலியானுஸ் குறைப்பட்டார்.

"இருபத்தெட்டு வருசம் ஒருத்தரின்ர கடிதத்தையும் பிரிக்கேல்லை எண்டு சொல்லுற ஆள்தானே நீங்கள்?"

எமிலியானுஸ் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். கடிதங்களைப் பிரிக்காமல் விட்டது வெறும் உத்தியோகக் கடமை மட்டும் இல்லை என்று அந்த ஒரு தரம் அவருக்கு விளங்கியது.

திங்கட்கிழமை விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு, ஹில்மி தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டு மணிக்கு எமிலியானுஸ் வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். இருவரும் பிளேன்டீ குடித்தார்கள், பேப்பர் பார்த்தார்கள், மதியம் மீன் சோறு சாப்பிட்டார்கள். மாலை மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை தொலைபேசி அடிக்கவில்லை.